விளையாட்டை மருந்தாக்கிய மருத்துவர்

விளையாட்டு என்னும் சொல்லைத் தமிழர் இருவகையாக ஆண்டு வந்திருக்கின்றனர். பொறுப்பின்றித் திரிபவனை விளையாட்டுப் பிள்ளை என்று இகழ்பவரும் நாமே. இறைவன் உயிர்களுக்கு அருள்செய்யும் பெருஞ்செயல்களைத் திருவிளையாடல் என்று போற்றுபவரும் நாமே. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். செல்வம், அறிவு, காதலர் கூட்டம் ஆகிய மூன்றோடும் சேர்த்து எண்ணத்தக்க சிறப்பு அதற்கு உண்டு என்பது அப்பேராசானின் துணிபு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் மெய்ப்பாட்டியல் கற்பித்து வரும் யான், அந்நூற்பாவின் பொருளை உரையாசிரியர் வழி நின்று பலமுறை விரித்துரைத்திருக்கின்றேன். ஆயினும், அதன் பொருள் என் நெஞ்சிலே தைத்தது வகுப்பறையில் அன்று. களுவாஞ்சிக்குடியில், என் பழைய மாணவன் ஒருவனின் கட்டிலருகே.

அவன் உயர்தர வகுப்பிலே என்னிடம் தமிழ் பயின்றவன். படிப்பிலே நடுத்தரம், பந்து விளையாட்டிலே முதல்வன். பாடம் நடக்கும்போதும் அவன் கண் யன்னலுக்கு வெளியே மைதானத்தில் இருக்கும். அதற்காக அவனை யான் பலமுறை கடிந்ததுண்டு. விளையாட்டு ஒருவனுக்குச் சோறு போடாது என்று வகுப்பினர் கேட்கச் சொன்னதும் உண்டு. பள்ளியை விட்டபின் அவன் தகப்பனாரோடு தோட்டத் தொழிலுக்குப் போனான். ஒருநாள் தேங்காய் பறிக்க ஏறிய மரத்திலிருந்து வீழ்ந்தான். முள்ளந்தண்டு முறிந்தது, இடுப்பின் கீழே உணர்வும் அசைவும் அற்றுப் போயின. மாதக்கணக்கில் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவன், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டான். தோளையும் கையையும் வலுப்படுத்துவதற்கென இயன்மருத்துவர் எழுதிக் கொடுத்த பயிற்சித் தாள் தலையணையின் கீழே கிடந்தது. யான் ஆறுதலாகக் கொண்டு சென்ற அறநூல்கள் தலையணையின் அருகே திறக்கப்படாமலே கிடந்தன.

அவனை அசைத்தது வேறொன்று. அதனைச் சொல்வதற்கு முன்னர், அதற்கு வித்திட்ட ஒரு பெருமகனாரின் வரலாற்றைச் சொல்லுதல் முறையாகும். அவர் எம் நாட்டவர் அல்லர். எம் மொழியினரும் அல்லர். எனினும், முள்ளந்தண்டு முறிந்த மனிதன் உயிரோடு இருக்கலாம், உழைக்கலாம், விளையாடலாம் என்று உலகுக்குக் காட்டியவர் அவரே. சேர் லுட்விக் குட்மன் என்பது அவர் பெயர்.

குட்மன் 1899ஆம் ஆண்டு யூலை 3ஆம் நாள், அக்காலத்து ஜேர்மனியின் மேல்சிலேசியாப் பகுதியிலே தோஸ்ட் என்னும் சிற்றூரில், யூதக் குடும்பமொன்றிலே பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அவர் குழந்தையாயிருந்தபோதே குடும்பம் கோனிக்சூட்டே என்னும் நகருக்குக் குடிபெயர்ந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் மலிந்த நகரம் அது. சுரங்கம் உள்ள ஊரில் விபத்துக்கும் குறைவிராது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டில், பதினெட்டு வயதை எட்டிய இளைஞர் குட்மன் அந்நகரத்து விபத்து வைத்தியசாலையிலே தொண்டராகச் சேர்ந்தார்.

அங்கே ஒருநாள் சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தனர். திடகாத்திரமான இளைஞர், முதுகெலும்பு முறிந்து கால்கள் செயலற்றிருந்தன. குட்மன் குறிப்பேட்டை எடுத்து அவர் நிலையை எழுதத் தொடங்கினார். அவ்வளவு சிரமம் வேண்டியதில்லை என்றும், சில வாரங்களில் அம்மனிதர் இறந்துவிடுவார் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. அவரை மற்ற நோயாளிகளிடமிருந்து மறைத்துத் தனியே கிடத்தினர். சொல்லியபடியே ஐந்து வாரங்களில், படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் குருதியை நஞ்சாக்க, அவர் இறந்தார். முறிவு அவரைக் கொல்லவில்லை. முறிவுக்குப் பின் வந்த கைவிடுதலே கொன்றது. இந்த வேறுபாட்டை அன்று அந்த இளைஞர் முழுதும் உணர்ந்தாரோ என்னவோ, அக்காட்சி மட்டும் அவர் உள்ளத்தை விட்டு அகலவே இல்லை. பிற்காலத்து அவர் வாழ்வு முழுவதும் அப்பெயரறியாத் தொழிலாளிக்குச் செலுத்திய கடன் என்று சொன்னால் மிகையாகாது.

1918இல் பிரெஸ்லாவு நகரிலே மருத்துவக் கல்வியைத் தொடங்கிய குட்மன், 1924இல் பிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் பிரெஸ்லாவுக்கு மீண்டு, அக்காலத்து நரம்பியல் அறிஞருள் தலைசிறந்தவராக விளங்கிய ஒட்பிரிட் பெர்ஸ்டரிடம் பயின்றார். இடையிலே சிறிது காலம் ஹம்பர்க்கில் பணியாற்றி, 1929இல் ஆசிரியரிடமே திரும்பி அவருக்கு முதல் உதவியாளரானார். நல்லாசிரியர் வாய்த்தார், நற்பெயரும் வளர்ந்தது. ஆனால் 1933இல் ஹிட்லர் ஆட்சி ஏறியதும், யூதர் என்ற ஒரே காரணத்தால் அப்பதவி பறிக்கப்பட்டது. பிரெஸ்லாவு யூத வைத்தியசாலை அவருக்குப் புகலாயிற்று. 1937இல் அவர் அதன் தலைமை மருத்துவரானார்.

1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு ஜேர்மனி எங்கும் யூதரின் தொழுகைக் கூடங்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின, ஆடவர் ஆயிரக்கணக்கில் சிறைப்பிடிக்கப்பட்டனர். அந்த இரவிலே, வைத்தியசாலை வாயிலை அடைந்த எவரையும் வினாவின்றி உள்ளே சேர்க்குமாறு குட்மன் கட்டளையிட்டார். மறுநாள் இரகசியப் பொலிசார் வந்து, ஒரே இரவில் இத்தனை நோயாளிகள் எவ்வாறு வந்தனர் என்று விசாரித்தனர். அவர்களைக் கட்டில் கட்டிலாக அழைத்துச் சென்ற குட்மன், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோயைக் காரணங் காட்டி வாதித்தார். வந்து சேர்ந்திருந்த 64 பேரில் 60 பேர் அன்று தப்பினர். மருத்துவம் கற்ற நாவும் மறம் படைத்த நெஞ்சும் ஒருங்கே அமைந்தவர் அவர் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒன்றே சாலும்.

அதன்பின் அந்நாட்டில் வாழ்தல் இயலாதாயிற்று. 1939 மார்ச் 14ஆம் நாள், மனைவி எல்சாவோடும் மகன், மகள் ஆகிய இரு சிறு பிள்ளைகளோடும் குட்மன் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். அகதிகளான கல்வியாளர்க்கு உதவிய சங்கம் ஒன்று கைகொடுத்தது. ஒக்ஸ்போர்டிலே ஆராய்ச்சிப் பணி கிடைத்தது. ஜேர்மனியில் வைத்தியசாலை ஒன்றையே நடத்தியவர், இங்கே நோயாளிகளைத் தம் பொறுப்பில் வைத்துப் பார்க்கும் உரிமையின்றி, நரம்புகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தார். உற்றாரையும் ஊரையும் துறந்து அந்நிய மண்ணில் தம் தொழிலை இழந்து நிற்பதன் துயரம் இன்னதென்று எம் கிழக்கு மண்ணிலே பலருக்கு விளக்க வேண்டுவதில்லை. எம்மவருள்ளும் எத்தனையோ பேர் அவ்வாறு சென்றிருக்கின்றனர்.

1943இல் பிரித்தானிய அரசு அவரை நாடி வந்தது. ஐரோப்பாக் கரையில் பெரும்படையை இறக்குவதற்கு ஆயத்தங்கள் நடந்தன. அப்போரிலே முள்ளந்தண்டு காயமுறுவோர் பலராவர் என்பதை அரசினர் முன்கூட்டியே உணர்ந்தனர். அவர்களுக்கெனத் தனி நிலையம் ஒன்றை நடத்தித் தரும்படி குட்மனைக் கேட்டனர். தம் முறைப்படி செய்ய விட்டால் வருவதாக அவர் இசைந்தார். 1944 பெப்ரவரி 1ஆம் நாள், பக்கிங்ஹாம்சயர் பகுதியிலே ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் அந்நிலையம் திறக்கப்பெற்றது.

அக்காலத்தில் இந்நோயாளிகளின் நிலை மிக இரங்கத்தக்கது. முதல் உலகப் போரில் முள்ளந்தண்டு காயமுற்றவருட் பெரும்பாலோர் விரைவிலேயே மாண்டனர். எஞ்சியோர் சாந்துக் கட்டிலே பொதியப்பட்டு, அசையாமற் கிடந்து, புண்ணால் அழுகினர். நோவை மறக்க மயக்க மருந்து தரப்பட்டது, வேறொன்றும் தரப்படவில்லை. குட்மன் வந்ததும் அச்சாந்துக் கட்டுகளை அகற்றுவித்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவாயினும் பகலாயினும், ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று விதித்தார். உடலின் ஓரிடமே நெடுநேரம் அழுந்தினால் அங்கே குருதியோட்டம் தடைப்பட்டுத் தசை இறக்கும். உணர்வு இழந்தவனுக்கு அந்நோவு தெரியாது. ஆதலால் பிறர் அறிந்து அவனைத் திருப்ப வேண்டும். இதுவே அவ்விதியின் காரணம். சிறுநீர்த் தொற்றைத் தடுப்பதற்கும் அத்தகைய கண்டிப்பையே கைக்கொண்டார். நள்ளிரவிலே தாமே வந்து, விதி கைக்கொள்ளப்படுகின்றதா என்று பார்ப்பார். தாதியர் சிலர் வெறுத்தனர். மருத்துவர் சிலர் எள்ளினர். ஆயினும் சாவு குறைந்தது.

சாவு குறைந்தபின் இரண்டாம் கேள்வி எழுந்தது. உயிர் பிழைத்த இவ்விளைஞர்கள் எதற்காக வாழ்வது? இவர்கள் இருபதும் இருபத்தைந்தும் நிறைந்த போர்வீரர். ஓட்டமும் ஆட்டமுமாய் வாழ்ந்தவர்கள். எழுந்து உட்காரச் சொன்னால் எதற்கென்று கேட்டனர். கையைத் தூக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பினர். உடலின் நோய்க்கு மருந்து கண்ட குட்மன் இப்பொழுது மனத்தின் நோய்க்கு மருந்து தேட வேண்டியவரானார். தச்சு வேலை, கடிகாரம் திருத்துதல், தட்டச்சு முதலிய தொழில்களை வைத்தியசாலையிலேயே பயிற்றுவித்தார். மீண்டும் உழைத்து, ஈட்டி, அரசுக்கு வரி செலுத்தும் குடிமகனாக ஒவ்வொருவனையும் வெளியே அனுப்புவதே அவர் வைத்த இலக்கு. இரக்கத்துக்கு உரியவனாக அனுப்புவதன்று.

இவற்றோடு அவர் சேர்த்த மற்றொரு மருந்தே விளையாட்டு. சக்கர நாற்காலியில் இருந்தபடியே, கைத்தடியால் வட்டொன்றை அடித்துச் செலுத்தும் ஒருவகைப் போலோ ஆட்டம் முதலில் அங்கே ஆடப்பட்டது. நோயாளிகள் ஒரு பக்கம், வைத்தியசாலைப் பணியாளர் மறுபக்கம் என்று ஆடிய அவ்வாட்டம் வரவர மூர்க்கமாகிக் காயம் விளைக்கவே, அது கைவிடப்பட்டது. அதனிடத்தைக் கூடைப்பந்து பெற்றது. மேசைப்பந்தும் அம்பெய்தலும் கூடவே வந்தன. பயிற்சி என்று சொன்னால் அசையாதவர்கள், போட்டி என்று சொன்னதும் அசைந்தனர். பத்து முறை கை தூக்க மறுத்தவன், பந்தைத் தொடும் ஆசையிலே நூறு முறை தூக்கினான். எண்ணிக்கை பயிற்சியின்மேல் இருந்தபோது நோவு தெரிந்தது. அது புள்ளியின்மேல் மாறியதும் நோவு பின்னே நின்றது.

அம்பெய்தலை அவர் சிறப்பாகப் போற்றியதற்குக் காரணம் உண்டு. வில்லை வளைத்து நாணை இழுக்கும்போது கை, தோள், முதுகு ஆகியவற்றின் தசைகள் உரம் பெறும். கால்களின் துணையின்றி உடலை நிமிர்த்தி நிறுத்தும் சமநிலை வாய்க்கும். அன்றியும், நாற்காலியில் இருப்பவன் நின்று எய்பவனோடு ஒப்ப நின்று போட்டியிடத்தக்க விளையாட்டு அது. அங்கே அவனுக்கு எவரும் சலுகை காட்ட வேண்டுவதில்லை. வெல்பவன் தன் திறத்தாலேயே வெல்வான்.

1948 யூலை 29ஆம் நாள் இலண்டனிலே ஒலிம்பிக் விளையாட்டு விழா தொடங்கியது. அதே நாளிலே, அந்நகரிலிருந்து தொலைவிலுள்ள ஸ்டோக் மாண்டவில்லின் புற்றரையிலே குட்மன் ஓர் அம்பெய்தற் போட்டியை நடத்தினார். ஆடவர் பதினால்வர், மகளிர் இருவர் என 16 பேர், யாவரும் படைப்பணியிற் காயமுற்றோர், இரு அணிகளாக எய்தனர். விருந்தாக வந்த ரிச்மண்ட் இல்லத்து அணியே வென்றது. உலகத்தின் கண் ஒலிம்பிக் அரங்கின்மேல் இருந்தது. புற்றரையில் நிகழ்ந்ததைக் கண்டோர் சிலரே. ஒருநாள் இவ்விளையாட்டும் ஒலிம்பிக்குக்கு நிகராகும் என்று குட்மன் அடுத்த ஆண்டே கூறியபோது, அதனை ஏற்றுக்கொண்டோர் அதனினும் சிலரே.

அவரோ ஆண்டுதோறும் போட்டியை நடத்தினார். 1952இல் ஒல்லாந்து நாட்டினர் வந்து கலந்துகொள்ள, அது பன்னாட்டு விழாவாயிற்று. பங்குபற்றியோர் தொகை 130 ஆயிற்று. 1956இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு ஸ்டோக் மாண்டவில் விளையாட்டுகளுக்கு பேர்ன்லி கிண்ணத்தை அளித்துச் சிறப்பித்தது. 1960இல் உரோம் நகரத்து ஒலிம்பிக் முடிந்ததும், 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 பேர் சக்கர நாற்காலிகளிலே அந்நகரில் திரண்டு விளையாடினர். அதனையே இன்று முதலாவது பராலிம்பிக் என்று எண்ணுகின்றோம். பன்னிரண்டே ஆண்டுகளில் 16 பேர் 400 பேராயினர்.

1966இல் பிரித்தானிய அரசு அவருக்குச் சேர் பட்டம் அளித்தது. ஒருகாலத்தில் நோயாளியைத் தொடும் உரிமையும் இன்றி அகதியாய் வந்தவர் பெற்ற பட்டம் அது. பணியிலிருந்து ஓய்வு பெற்றபின்னும் அவர் ஓயவில்லை. முள்ளந்தண்டுக் காயம் பற்றிய பெருநூலை 1973இலும், மாற்றுத்திறனாளர் விளையாட்டுப் பற்றிய நூலை 1976இலும் வெளியிட்டார். 1980 மார்ச் 18ஆம் நாள், தம் எண்பதாம் வயதிலே மறைந்தார். ஒலிம்பிக் நடந்த அதே அரங்குகளிலே பராலிம்பிக்கும் நடக்கும் வழக்கம் 1988இல் சியோல் நகரிலே நிலைபெற்றபோது அதைக் காண அவர் இல்லை. 2012இல் இலண்டனிலே விழா நடந்தபோது, பராலிம்பிக்கின் சின்னப் பாவைக்கு மாண்டவில் என்றே பெயரிட்டனர்.

அவர் ஏற்றிய விளக்கு எம் பக்கத்துக்கும் ஒளி தந்தது. 1965ஆம் ஆண்டுப் போரிலே குண்டுகள் பாய்ந்து முள்ளந்தண்டு சிதைந்த இந்தியப் படைவீரர் முரளிகாந்த் பெட்கர், உடல்தேற நீந்தப் பழகி, 1972இல் ஹைடல்பேர்க் பராலிம்பிக்கிலே 50 மீற்றர் நீச்சலில் பொற்பதக்கம் பெற்றார். இந்தியா பெற்ற முதற் பராலிம்பிக் பொற்பதக்கம் அதுவே. தமிழ்நாட்டு வேலூரிலே, 1954ஆம் ஆண்டு வாகன விபத்தில் இடுப்பின் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் 1966இல் அங்கே புனர்வாழ்வு நிலையம் எழ முதற்காரணராயினார். எம் நாட்டிலே, போரிற் கையில் காயமுற்ற படைவீரர் தினேஷ் பிரியந்த ஹேரத், 2021இல் டோக்கியோவில் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து, இலங்கைக்கு முதற் பராலிம்பிக் பொற்பதக்கத்தைக் கொணர்ந்தார். போரிலே எப்பக்கத்தில் நின்று உறுப்பை இழந்தவராயினும், இழப்பின் நோவு ஒன்றே. எழும் வழியும் ஒன்றே. அவ்வழி எம் பகுதியில் உறுப்பிழந்து வீட்டுத் திண்ணைகளில் இருக்கும் பலருக்கும் திறக்க வேண்டும் என்பதே என் வேட்கை.

நிற்க. இனி என் மாணவனிடம் வருவேன்.

அவனுடைய உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தபோது, தம் பிள்ளைகள் ஆடி ஓய்ந்த வீடியோ விளையாட்டுப் பொறி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 2006இல் வெளியிட்ட வீ என்னும் பொறி அது. அதன் கைக்கருவியைப் பற்றிக்கொண்டு பந்து உருட்டுவதுபோல் கையை வீசினால், தொலைக்காட்சித் திரையிலே பந்து உருண்டு கட்டைகளை வீழ்த்தும். கையின் விசையையும் திருப்பத்தையும் கருவியினுள்ளே இருக்கும் உணரி அறிந்து திரைக்கு அனுப்புகின்றது. பொத்தானை அழுத்தினால் மட்டும் போதாது. உடல் அசைந்தாலன்றி ஆட்டம் நடவாது. இது வெளிவந்த சில ஆண்டுகளிலேயே உலகத்துப் பல புனர்வாழ்வு நிலையங்கள் இதனை இயன்மருத்துவத்துக்குத் துணையாகக் கொண்டன. குட்மனின் புற்றரை திரைக்குள்ளே புகுந்தது என்று யான் சொல்வேன்.

முதல்நாள் மாணவன் அதைத் தொடவில்லை. அவன் தங்கை ஆடினாள், பிழையாக ஆடினாள். அவள் பிழையைப் பொறுக்காமல் அவன் கருவியை வாங்கினான். அன்று அவனைச் சாய்மானத்தோடு நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டியிருந்தது. சில வாரங்களில் ஒரு கையை ஊன்றி மறுகையால் வீசினான். பின்னர் ஊன்றாமலே வீசினான். தாளிலே இயன்மருத்துவர் எழுதியிருந்த பயிற்சியின் நோக்கமும் அதுவே: உடலின் சமநிலையும் தோளின் வலுவும். ஒருநாள் யான் சென்றபோது, என் கையிலே மற்றைக் கருவியைத் தந்து போட்டிக்கு அழைத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினேன், படுதோல்வி அடைந்தேன். விபத்துக்குப் பின் அவன் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டதாக அவன் தாயார் என்னிடம் பின்னர் சொன்னார். விளையாட்டுச் சோறு போடாது என்று சொன்ன அதே நாவினால் அன்று யான் பேசுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஆயினும் கதை அத்துடன் இனிது முடியவில்லை. ஆட்டத்தின் மோகத்திலே அவன் மணிக்கணக்கில் எழாமல் இருந்தான். இருக்கையில் அழுந்திய இடத்திலே புண் கண்டது. உணர்வற்ற உடலாதலின் அவன் அறியவில்லை. குப்புறக் கிடந்து அதனை ஆற்ற வாரங்கள் பல சென்றன. பெற்ற வலுவிலே ஒரு பங்கும் போயிற்று. குட்மனின் இரண்டு மணி நேர விதியை யான் அப்பொழுதுதான் தேடிப் படித்தேன். அவர் விளையாட்டை மட்டும் தந்தவர் அல்லர். முதலில் விதியைத் தந்து, அவ்விதியின் உள்ளே விளையாட்டை வைத்தவர். புண் ஆறியபின், அவன் தாயார் ஒரு கட்டளை வகுத்தார். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும், இரு கைகளையும் ஊன்றி உடலைத் தூக்கி, பத்து எண்ணும்வரை நிறுத்திய பின்னரே அடுத்த ஆட்டம். தூக்குவதும் ஒரு பயிற்சியே ஆயிற்று. மருத்துவ நூல் படியாத அத்தாயார் கண்ட முறையை இயன்மருத்துவரும் கேட்டு மெச்சினார்.

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம். அத்தகைய பொறி இல்லாத ஏழைக் குடிலிலே நோயாளி என் செய்வான்? இதற்கு ஆராய்ச்சியாளரே விடை தந்திருக்கின்றனர். 2016இல் கனடாவைச் சேர்ந்த மருத்துவர் சபொஸ்னிக்கின் தலைமையில் நான்கு நாடுகளில் நிகழ்ந்த ஆய்வு ஒன்றின் முடிவு வெளியாயிற்று. பாரிசவாதத்தால் கை தளர்ந்த 141 பேரை இரு பகுதியாக்கினர். ஒரு பகுதியினர் வழக்கமான சிகிச்சையோடு இதே வீ பொறியில் ஆடினர். மறு பகுதியினர் சீட்டு, கட்டை அடுக்குதல், பந்து முதலிய எளிய ஆட்டங்களை அதே அளவு நேரம் ஆடினர். இரு வாரங்களில் பத்து அமர்வுகள். இரு பகுதியினரும் தேறினர். ஒருவரினும் மற்றவர் சிறந்தார் என்று சொல்ல இயலவில்லை. பொறியினால் தீங்கில்லை, ஆனால் பொறியே மருந்தும் அன்று. மருந்தாவது ஆட்டம், ஆட்டத்தினாலே விளையும் இடையறாத அசைவு, அசைவுக்குத் துணை நிற்கும் மனவெழுச்சி.

ஆதலின், மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் உள்ள நம் வீடுகளிலே மருந்துக்குக் குறைவில்லை. கரம் பலகை இல்லாத தெருவில்லை. விரலுக்கும் மணிக்கட்டுக்கும் அதனினும் நல்ல பயிற்சி எது? தாயக்கட்டை உருட்டும் கையும், குழிதோறும் சோகி இடும் விரலும் மெல்ல மெல்ல வலுப்பெறும். வடசேரி, தென்சேரி என்று ஊரே இரு பிரிவாக நின்று கண்ணகை அம்மனுக்குக் கொம்புமுறி ஆடியவர்கள் எம் முன்னோர். மழை பொய்த்தபோதும் கொள்ளைநோய் கண்டபோதும் அவர்கள் ஆடினர். துன்பம் வந்தபோது கூடி ஆடுதல் வேண்டும் என்ற அறிவு இம்மண்ணுக்குப் புதியதன்று. நாம் மறந்திருக்கின்றோம், அவ்வளவே. வேண்டுவது எதிரே அமர்ந்து ஆட ஓர் ஆள். நோயாளியைப் பார்க்கச் செல்வோர் பழமும் பிஸ்கட்டும் கொண்டு சென்று, அரைமணி நேரம் இரங்கி, மீள்கின்றனர். அவ்வரைமணி நேரத்தை அவனோடு ஓர் ஆட்டம் ஆடக் கொடுப்பாராயின் அதுவே பேருதவியாகும். ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை முதலிற் செய்யலாம்.

என் மாணவன் நடக்கவில்லை. நடப்பான் என்று மருத்துவர் எவரும் சொல்லவும் இல்லை. இன்று அவன் தன் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு பிரதான வீதிவரை வருகின்றான். வீட்டு முற்றத்திலே ஒரு மேசை போட்டுக் கைத்தொலைபேசி திருத்துகின்றான். அவன் ஈட்டுவது சிறிது. ஆயினும் அது அவன் ஈட்டியது. அவன் தலையணையருகே திறவாமற் கிடந்த என் நூல்கள் இப்பொழுது அம்மேசையின் ஓர் ஓரத்திலே இருக்கின்றன. படித்தானா என்று யான் கேட்டதில்லை. கிழமைக்கு ஒருமுறை சென்று அவனோடு ஓர் ஆட்டம் ஆடிவிட்டு வருகின்றேன். இதுவரை ஒருமுறையும் யான் வென்றதில்லை.

1917ஆம் ஆண்டில், குறிப்பெழுத வேண்டியதில்லை என்று ஒதுக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளியின் பெயர் எவருக்கும் தெரியாது. அவரைப் பற்றி எழுத எடுத்த குறிப்பேட்டை குட்மன் தம் வாழ்நாள் முழுவதும் மூடவில்லை என்றே யான் கருதுகின்றேன். களுவாஞ்சிக்குடி முற்றத்து மேசையருகே இருப்பவனும் அக்குறிப்பேட்டில் ஒரு வரி.